மிச்சம் இரண்டு அடி

என் வலது புருவத்துக்கு மேலே ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது. மகள் சின்ன வயதில் அதைத் தடவிப் பார்த்து, "ஆமி அடிச்சதோ அப்பா?" என்று கேட்பாள். இலங்கை ஆமியிடமும் வாங்கியிருக்கிறேன், அது முதுகில். புருவத்தில் இருப்பது சுவிஸின் சூக் நகரத்தில், ஒரு சீனச் சாப்பாட்டுக் கடையின் குசினியில், கடைக்காரர் எறிந்த கரண்டி பட்டது. அவருடைய நெற்றியிலும் ஏறக்குறைய அதே அளவில் ஒரு தழும்பு இருந்தது. அது நான் எறிந்தது.

அவரை ஷெஃப் என்றுதான் கூப்பிட்டோம். முதலாளியும் அவர்தான், சமையலும் அவர்தான். ஐம்பது வயதிருக்கும். கட்டையான ஆள். முழங்கைவரை எண்ணெய் தெறித்த புள்ளிகள். கல்லாவில் மனைவி இருப்பார். தாச்சியில் கிளறுகிற நீளப் பிடிக் கரண்டி எந்த நேரமும் அவர் கையில் இருக்கும், கையில் இல்லாவிட்டால் ஏப்ரன் கட்டில் செருகியிருக்கும். அவர் பேசியது உடைந்த ஜெர்மன். நான் பேசியது அதைவிட உடைந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவர் என் காதில் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறார். அப்படியே எழுதுகிறேன்.

அகதியாக வந்து எனக்குக் கிடைத்த முதல் வேலை அங்கே கோப்பை கழுவுவது. சேர்ந்த கிழமையே ஒரு அடுக்குக் கோப்பையைக் கை நழுவ விட்டேன். கரண்டி பறந்து வந்தது. கண்ணுக்குள் இரத்தம் இறங்கியது. ஏப்ரனைக் கழற்றி நிலத்தில் அடித்து, அவருடைய தாயையும் தகப்பனையும் நல்ல தமிழில் விசாரித்துவிட்டு வாசலை நோக்கி நடந்தேன். பின்னால் வந்து தோளைப் பிடித்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று கையை ஓங்கினேன். அவர் அந்தக் கரண்டியை என் கையில் வைத்துவிட்டு, சுவரோடு போய் நின்றார்.

"எறி," என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மனைவி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "எறிஞ்சுபோட்டுப் போ தம்பி. இல்லாட்டி இண்டைக்கு இஞ்ச ஒருத்தரும் சாப்பிடேலாது," என்றார்.

கடை திறக்கமுன் எல்லாரும் வட்டமேசையில் இருந்து ஒன்றாகச் சாப்பிடுவது அங்கே வழக்கம். அந்தச் சாப்பாட்டுக்கு முன்னால் அன்றைய வழக்கு எதுவும் மிச்சம் இருக்கக்கூடாது என்பது அவருடைய சட்டம். நான் பட்டும் படாமலும் எறிந்தேன். அவர் குனிந்து எடுத்துத் திருப்பித் தந்தார். "நான் இப்பிடியோ எறிஞ்சனான்?"

அப்போதுதான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. ஓங்கி எறிந்தேன். நெற்றி வெடித்தது. ஏப்ரன் முனையால் இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, மீனின் தலைப்பக்கத்தை எடுத்து என் சோற்றில் வைத்தார். "சரி. சாப்பிடு," என்றார். விசர் பிடித்த மனிதன் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

விசர் இல்லை. ஒருவன் இன்னொருவனுக்குச் செய்கிறது அவனுக்கும் வர வேண்டும், அவ்வளவுதான் அவருடைய மதம். யார் எதைச் சொன்னாலும் அவருக்கு ஒரே கேள்விதான்: "அதே கரண்டியோ?" உனக்கும் அதுதானா, உன் ஆளுக்கும் அதுதானா என்று அர்த்தம்.

எங்களையும் அவர் விடவில்லை. என்னோடு தவம் என்று இன்னொரு பொடியன் வேலை செய்தான், ஊரில் எனக்குப் பக்கத்துக் கிராமம். ஒருநாள் ஊர்ச் செய்தி கதைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் இயக்கமொன்று இன்னொரு இயக்கத்துப் பொடியளைச் சந்தியில் போட்டுச் சுட்டு, டயர் போட்டு எரித்த செய்தி. என்ன கதை என்று ஷெஃப் கேட்டார். சொன்னேன்.

தவம் இடையில் விழுந்து, "அது வேற ஷெஃப். அவங்கள் துரோகியள்," என்றான்.

அவர் வாத்தை வெட்டுவதை நிறுத்தினார். "என்ர தமையனையும் அப்பிடித்தான் சொன்னவங்கள். அதே கரண்டியோ?"

தவம் முகத்தை நீட்டிக்கொண்டு அந்தக் கிழமை முழுக்க அவரோடு கதைக்கவில்லை.

தமையனின் கதையை அவர் வாத்து வெட்டும்போதுதான் சொல்லுவார். தமையன் பள்ளிக்கூட வாத்தியார். ஊர்த் திடலில் முழங்காலில் நிற்கவைத்து, கழுத்தில் பலகை தொங்கவிட்டு, அவரிடம் படித்த பிள்ளைகளே வகுப்பறை வாங்கின் காலால் அடித்துக் கொன்றார்கள். ஷெஃப் முன்வரிசையில் நிறுத்தப்பட்டிருந்தார். ஒவ்வொரு அடிக்கும் கூட்டம் கை தட்ட வேண்டும். "நானும் தட்டினனான்," என்பார். அந்த இடத்தில் வெட்டுக்கத்தி பலகைக்குள் இறங்கி நிற்கும். பிறகு கடலில் நீந்தி ஹொங்கொங்குக்குத் தப்பியவர். தன் அரசாங்கத்தை அவர் ஏசியதுபோல வேறு யாரும் ஏசி நான் கேட்டதில்லை. காலையில் அடுப்பு மூட்டும்போது தொடங்குவார்.

ஆனால் வாடிக்கையாளர் யாராவது சீனாவைப் பற்றிச் சும்மா வாயைத் திறந்தால் போச்சு. ஒருமுறை ஒரு கிழவர், "உங்கள் நாட்டில் உயிருக்கு மதிப்பே இல்லை," என்று சூப்பை உறிஞ்சிக்கொண்டு சொன்னார். ஷெஃப் வெளியே போய், சூப்புக் கோப்பையை அவர் முன்னாலிருந்து எடுத்து, அப்படியே நிலத்தில் ஊற்றினார். "இவனும் தன்ர நாட்டில இருந்து உயிர் தப்பி வந்தவன்," என்று என்னைக் காட்டினார். "இவனுக்கு நீர் போன கிழமை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டனீர்?" கிழவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனவர் பிறகு வரவில்லை.

வந்துகொண்டே இருந்தவர் மூலைமேசைக்காரர். வியாழக்கிழமை தவறாமல் மூலை மேசையில் வாத்து சாப்பிடுவார். நரைத்த தலை, இதமான குரல். இயந்திரங்கள் விற்கிற கம்பெனி ஒன்றில் பெரிய ஆள், மேட்டுப்பக்கத்துக் கிராமமொன்றின் சபையிலும் உறுப்பினர். எங்களோடு சுத்தமான புத்தக ஜெர்மன் பேசுவார். "வணக்கம்" சொல்லப் பழகி வைத்திருந்தார். அவருடைய கிராமத்துப் பழைய விடுதியில் தமிழ் அகதிகளைக் குடியேற்றப் போகிறார்கள் என்ற கதை வந்தபோது, வேண்டாம் என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவரும் அவரே. "உங்கள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. எங்கள் ஊர் சின்னது," என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். நம்பினேன்.

ஒரு இலையுதிர் காலத்தில் அவர் பெய்ஜிங்கிலிருந்து வந்த அதிகாரிகளை எங்கள் கடைக்குக் கூட்டி வந்தார். இயந்திரம் வாங்க வந்த ஆட்கள். கோட்டில் சின்ன வில்லை குத்தியிருந்தார்கள். கிளாசும் கிளாசும் முட்டுகிற சத்தம் குசினிவரை கேட்டது. ஷெஃப் கரண்டியோடு வெளியே போனார். தலைமை அதிகாரிக்கு முன்னால் நின்று தன் பாஷையில் எதையோ கேட்டார். தமையனை அடித்தவர்களின் பெயர்களைச் சொல்லி, அவர்கள் இப்போது எந்தப் பதவியில் இருக்கிறார்கள் என்று கேட்டாராம். மனைவி பிறகு சொன்னார். மூலைமேசைக்காரர் பாய்ந்து எழும்பி, ஷெஃப்பின் தோளில் கை போட்டு, தள்ளிக்கொண்டு குசினிக்குள் வந்தார்.

"இன்றைக்கு வேண்டாம். தயவுசெய்து, இன்றைக்கு வேண்டாம். அவர்கள் விருந்தாளிகள்."

அவர் திரும்பிப் போனதும் ஷெஃப் சாமான் அறைக் கதவைக் குத்தினார். கதவுப் பலகை பிளந்து கை உள்ளே போனது. அந்தக் கையோடேயே மீதி விருந்தைச் சமைத்தார்.

எண்பத்தொன்பதாம் ஆண்டு வசந்தத்தில் தவத்தின் அகதி வழக்கு நிராகரிக்கப்பட்டது. ஜூன் முடிவதற்குள் நாட்டை விட்டுப் போ என்றார்கள். ஊரில் அவனுடைய தம்பியைப் பிடித்துக்கொண்டு போய் உடம்பைக்கூடக் கொடுக்கவில்லை, இவனையும் தேடிக்கொண்டிருந்தார்கள். அதைச் சொன்னால் அதிகாரி, "நிரூபிக்க முடியுமா?" என்று கேட்டான். போனால் சாவு என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அந்த நாட்களில்தான் ஒரு ஞாயிறு பின்னேரம் சூக் ஸ்டேஷனில் சில இளவட்டங்கள் அவனைப் பிடித்தார்கள். மொட்டைத் தலை, கனத்த சப்பாத்து. விழுத்தி, வாயிலும் விலாவிலும் உதைத்தார்கள். மேடையில் நின்ற சனம் ரயில் நேர அட்டவணையைப் படித்தது. நான் ஓடிப்போனபோது அவன் பல்லை நிலத்தில் தடவித் தேடிக்கொண்டிருந்தான். பொலிஸ் வந்து முதலில் கேட்டது அவனுடைய பத்திரத்தை. அடித்தவர்கள் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு மேட்டுக் கிராமத்து பஸ்ஸில் ஏறிப்போனார்கள். எனக்கு அந்த பஸ்ஸை அப்படியே ஏரிக்குள் தள்ள வேண்டும்போல இருந்தது.

வியாழக்கிழமை மூலைமேசைக்காரர் தலையை ஆட்டினார். "வருத்தமான விஷயம். எங்கள் ஊர்ப் பையன்கள்தான். குடித்திருந்தார்கள். ஆனால் இரண்டு பக்கத்தையும் கேட்க வேண்டும், இல்லையா?"

சாப்பாடு நீட்டுகிற யன்னலுக்குள்ளால் ஷெஃப் தலையை வெளியே விட்டார். "இவன்ர பக்கம் நிலத்தில கிடந்தது. பொறுக்கிக் கொண்டந்து வைச்சிருக்கிறம். கொண்டரட்டோ?"

மூலைமேசைக்காரர் வாத்தை முடிக்காமல் போனார்.

ஜூன் மாதத்து முதல் ஞாயிறு, கடை ரீவியில் பெய்ஜிங்கைக் காட்டினார்கள். டாங்கிகள். சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடிய உடம்புகள். தாச்சியில் எண்ணெய் பற்றி எரிந்தது, ஷெஃப் அதைப் பார்க்கவேயில்லை. "பிள்ளையள், பிள்ளையள்," என்று சொல்லிக்கொண்டு குளிர்சாதனப் பெட்டியின் இரும்புக் கதவில் நெற்றியை அடித்தார். நானும் மனைவியும் இழுத்துப் பிடிக்கும்வரை அடித்தார். எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, திறக்க வேண்டிய நாளில் கடை பூட்டியிருந்தது. மனைவி கதவில் ஒரு வெள்ளைத் துணி கட்டினார். சாவுக்கு அவர்களுக்கும் வெள்ளைதான், எங்களைப்போல.

இரண்டொரு நாளில் மூலைமேசைக்காரர் வந்தார். கண் சிவந்து வீங்கியிருந்தது. ஷெஃப்பைக் கட்டிப்பிடித்து அழுதார். நடிப்பு இல்லை, அது உண்மையான அழுகை. அதுதான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிற விஷயம். அழத் தெரியாத மனிதன் என்றால் விட்டுவிடலாம்.

சனிக்கிழமை ஏரிக்கரையில் கண்டனக் கூட்டம், நீங்கள் பேச வேண்டும், உங்கள் சகோதரனைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றார்.

"அண்டைக்குக் கேக்க வந்தனான். இண்டைக்கு வேண்டாம் எண்டனீர்," என்றார் ஷெஃப்.

"அது வேறு சந்தர்ப்பம்."

"சரி. கதைக்கிறன். ஆனா நீரும் ஒரு கதை கதைக்க வேணும். தவத்தை இந்த மாதம் அனுப்பப் போறாங்கள். கன்டோன் அரசாங்க ஒஃபிசில உமக்கு ஆக்கள் இருக்கு. நான் என்ர செத்த ஆளுக்காகக் கதைக்கிறன். நீர் உயிரோட இருக்கிறவனுக்காகக் கதையும்."

மூலைமேசைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இரண்டையும் கலக்க வேண்டாம். சனிக்கிழமை முடியட்டும். பிறகு பார்ப்போம்."

பின்னேரக் கூட்டம். ஏரி பளபளவென்று கிடந்தது. பிள்ளைகுட்டிகளோடு, சுலோகம் எழுதித் தடியில் கட்டிய மட்டைகளோடு நிறையச் சனம். ஷெஃப் வெள்ளைக் குசினிச் சட்டையிலேயே வந்தார், நாங்களும் அப்படித்தான் போனோம். கரண்டி அவருடைய ஏப்ரன் கட்டில் இருந்தது. மேடையில் ஏறி மைக்கைப் பிடித்தார்.

"என்ர அரசாங்கம் கொலைகார அரசாங்கம். என்ர தமையனை அடிச்சுக் கொன்றது. நான் முன்னுக்கு நிண்டு கை தட்டினனான்."

சனம் பலமாகக் கை தட்டியது. அந்தச் சத்தத்துக்கு அவர் தோளைக் குறுக்கிக்கொண்டதைக் கீழேயிருந்து பார்த்தேன். வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது.

மூலைமேசைக்காரர் மைக்கை வாங்கினார். நன்றாகத்தான் பேசினார். முடிக்கும்போது, "நமது நாட்டில் எவரும் தான் யார் என்பதற்காகத் தெருவில் அடிபடுவதில்லை. அந்தப் பாக்கியத்தை நாம் மறக்கக்கூடாது," என்றார். அதற்கும் கை தட்டினார்கள்.

ஷெஃப் மேடை விளிம்புக்கு வந்து, கீழே நின்ற தவத்தின் கையைப் பிடித்து மேலே தூக்கினார். அவனுடைய மேலுதட்டை விரலால் உயர்த்தினார். முன்பல் இருந்த இடத்தில் கறுத்த ஓட்டை. மைக் இல்லாமலே கத்தினார்.

"இது பெய்ஜிங்கில இல்லை. இது உங்கட ஸ்டேஷனில. இதுக்கும் தட்டுங்கோ."

ஒருவரும் தட்டவில்லை. "இது சீனாவுக்கான கூட்டம்," என்று ஒரு பெண் கத்தினாள். பின்னாலிருந்து விசில். ஒரு மட்டைத் தடி பறந்து வந்து தவத்தின் காதில் பட்டது. யாரோ அவன் காலைப் பிடித்து இழுத்தார்கள். மேடையிலிருந்து கல் பதித்த தரையில் முதுகடிபட விழுந்தான். ஒரு சப்பாத்து அவன் விலாவில், அதே பழைய இடத்தில், மறுபடியும் இறங்கியதைக் கண்டேன். ஷெஃப்பும் கண்டார். மூலைமேசைக்காரர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு ஷெஃப்பிடம் இதமாகச் சொன்னார்.

"இன்றைக்கு வேண்டாம். தயவுசெய்து."

கரண்டி ஏப்ரனை விட்டு எப்போது வந்தது என்று தெரியாது. ஒரே ஒரு அடி. இரும்பு எலும்பில் பட்ட சத்தம் மைக் வழியாக ஏரிக்கரை முழுக்கக் கேட்டது. நரைத்த தலை சிவந்தது. அதற்குப் பிறகு எல்லாம் கையும் காலும்தான். ஷெஃப்பின் முதுகில் இரண்டு பொலிஸ்காரரின் முழங்கால். என் வாய் தரைக் கல்லில். நானும் ஒருவனின் கையைக் கடித்தேன், சும்மா சொல்லக்கூடாது.

அடுத்த நாளே ஷெஃப்பை விட்டுவிட்டார்கள். மூலைமேசைக்காரர் முறைப்பாடு கொடுக்கவில்லை. "அவருடைய நாட்டில் நடந்த கொடுமையால் மனம் கலங்கியிருந்தார்," என்று பொலிஸுக்குச் சொல்லியிருந்தார். ஊரே அவருடைய பெருந்தன்மையை மெச்சியது. ஷெஃப் அதைக் கேட்டதும் மேசையைத் தலைகீழாகப் புரட்டினார்.

"நான் பெய்ஜிங்குக்கு அடிக்கேல்ல. தவத்துக்கு அடிச்சனான். அதையும் எடுத்துக்கொண்டு போயிட்டான்."

திங்கட்கிழமை எப்போதும் கடை பூட்டு. என்னையும் கூட்டிக்கொண்டு மேட்டுக் கிராமத்து பஸ்ஸில் ஏறினார். தவம் விலாவில் கட்டோடு படுக்கையில் கிடந்தான். மூலைமேசைக்காரர் தலையில் கட்டோடு வீட்டு முன்பக்கம் பூச்சாடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஷெஃப் அவர் கையில் கரண்டியை வைத்தார்.

"அடியும்."

"நான் உங்களை மன்னித்துவிட்டேன்."

"மன்னிப்புக்கு வரேல்ல. நான் உமக்குச் செய்தது எனக்கு வர வேணும். ஒரு அடி. அடியும்."

"நாங்கள் அப்படிப்பட்ட மனிதர்கள் இல்லை," என்று சிரித்துக்கொண்டு அவர் உள்ளே போகத் திரும்பினார். ஷெஃப் வாசலை மறித்து நின்றார். விலகச் சொன்னார், விலகவில்லை. தள்ளிப் பார்த்தார், அசையவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றார்களோ, அந்தச் சிரிப்பு மெல்ல மெல்ல முகத்தை விட்டுப் போனது. அடித்தார்.

நெற்றியில் ஒன்று. ஷெஃப் கண்ணை மூடி வாங்கிக்கொண்டார். முடிந்தது என்று நான் மூச்சு விடுவதற்குள் இரண்டாவது இடது காதில் விழுந்தது. ஷெஃப் முழங்காலில் இறங்கினார். முழங்காலில் நின்றவருக்கு மேலே மூன்றாவது. நாலாவதுக்குக் கை ஓங்கியபோது உள்ளேயிருந்து அவருடைய மனைவி ஓடிவந்து அலறினாள். நான் பாய்ந்தேன். என் கணுக்காலை ஒரு கை இறுக்கிப் பிடித்தது. ஷெஃப்.

"நில்," என்றார்.

காதுக்குள்ளிருந்து இரத்தம் கழுத்துக்கு வந்துகொண்டிருந்தது. மூலைமேசைக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு தன் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார்.

"நான் அடிச்சது ஒண்டு," என்றார் ஷெஃப். "நீர் அடிச்சது மூண்டு. மிச்சம் ரெண்டும் நீர் எனக்குப் பட்ட கடன். எனக்கு வேண்டாம். தவத்துக்குக் குடும். ஒஃபிஸ் இன்னும் பூட்டேல்ல. இண்டைக்கே போம்."

மூலைமேசைக்காரர் வாயைத் திறந்தார். "இன்றைக்கு..." என்றார். அடுத்த சொல் வரவில்லை.

அவர் அன்றைக்கே போனார். சபை உறுப்பினர் ஒருவர் தலையில் கட்டோடு வந்து கதைத்ததாக அதிகாரி பிறகு தவத்திடம் சொன்னான். அந்த மாதம் அவனை அனுப்பவில்லை. கொஞ்சக் காலம் தள்ளிப் போட்டார்கள், பிறகு இன்னும் கொஞ்சக் காலம். அதற்குள் ஊரில் சண்டை பெரிதாகி, திருப்பி அனுப்புவது நின்றதால் அவன் தப்பிவிட்டான். இப்போது லோசானில் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை. கட்டுப்பல். மூலைமேசைக்காரர் எங்கள் கடைக்கு அதன் பிறகு வரவேயில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. ஷெஃப்புக்கு இடது காது அதோடு போய்விட்டது.

கரண்டியை அவர் அந்த வீட்டிலிருந்து திருப்பி எடுத்து வரவில்லை. செவ்வாய்க்கிழமை கடை திறந்தபோது தலையைச் சுற்றிக் கட்டு, கையில் பழக்கமில்லாத புதுக் கரண்டி. காலையிலிருந்தே சன்னதம் ஆடினார். நான் இடது பக்கத்திலிருந்து பதில் சொல்லியிருக்கிறேன், அவருக்குக் கேட்கவில்லை. பதில் சொல்லாமல் நிற்கிறேன் என்று நினைத்துச் சட்டிமூடியை வீசினார். தோள்மூட்டில் பட்டுக் கை மரத்துப்போனது.

சாப்பாட்டு நேரம் வந்தது. மனைவி சோற்றைக் கொண்டுவந்து வட்டமேசையில் வைத்தார். ஷெஃப் மூடியை எடுத்து என் கையில் தந்துவிட்டுச் சுவரோடு போய் நின்றார்.

"எறி."

"ஷெஃப், அந்த வீட்டில நீங்கள் கூட வாங்கின ரெண்டு அடி மிச்சம் கிடக்கு. இதை அதில கழியுங்கோ," என்றேன்.

அவர் நல்ல காதைத் திருப்பினார். திரும்பவும் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"அது தவத்தின்ர," என்றார். "நீ எறி."

எறிந்தேன்.